ஆர்.பி.ஜி. – வேடமேற்பு ஆட்டம்

ஆர்.பி.ஜி. என்பது 'ரோல் பிளேயிங் கேம்' என்பதன் சுருக்கம். கதையில் வரும் ஒருவராக நாமே மாறி, என்ன பேசுவது, யாரோடு சேர்வது, யாரைக் கைவிடுவது என்று முடிவெடுத்து ஆடுவது. வாளும் மந்திரமும் வந்தாலே ஆர்.பி.ஜி. என்று புதுச்சேரிப் பையன்கள் பலர் சொல்கிறார்கள். அது போதாது. முடிவு ஆடுபவர் கையில் இல்லையென்றால் அந்தப் பெயருக்குப் பொருளே இல்லை.

'ரோல்' ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. நடிகர் பேசவேண்டிய வசனத்தை எழுதிச் சுருட்டிவைத்த தாளுக்கு அந்தப் பெயர். சிறு சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டுலஸ்' என்ற லத்தீன் சொல் அதன் வேர். சுருளின் பெயர் வேடத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது ஆகுபெயர்.

விளையாட்டில் இந்த வகைக்கு வழிபோட்டது 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் சொல்லியே ஆடுவது. 1981இல் 'அல்ட்டிமா', 'விசார்ட்ரி' என்ற கணினி விளையாட்டுகள் இரண்டும் இதை வீட்டுக் கணினிகளில் பரப்பின. 1998இல் 'பால்டர்ஸ் கேட்' என்ற கணினி விளையாட்டு வந்தது. பக்கம் பக்கமாக வசனம் படித்து, நிறுத்தி யோசித்து ஆடும் இந்தப் பாணி பிறகு பெரிய நிறுவனங்களுக்குக் கசந்துவிட்டது. ரசிகர்களுக்குக் கசக்கவில்லை. 2012இல் அப்சிடியன் என்ற விளையாட்டு நிறுவனம் அதே பாணியில் ஒன்று செய்ய அவர்களிடமே பணம் கேட்டபோது ஏறத்தாழ 40 லட்சம் டாலர் சேர்ந்தது. 2023இல் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3'ஐ, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 8 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். தி கேம் அவார்ட்ஸ் என்ற விருது விழாவில் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டும் அதுதான். மேசையாட்டத்தில் இருந்ததுபோலவே முறை வைத்துச் சண்டையிடுவதும், இருபது முகப் பகடை திரையில் உருள்வதும் அதில் இருக்கின்றன. பழைய பாணியைப் பொதுமக்கள் தொடமாட்டார்கள் என்ற பேச்சை இனி நான் ஏற்கமாட்டேன்.

தமிழில் 'பங்கு வகிக்கும் விளையாட்டு' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. வேடம் என்ற உயிர் அதில் இல்லை. 'பாத்திரமேற்பு' பொருந்தும், ஆனால் பேச்சில் புழங்காது. என் தேர்வு 'வேடமேற்பு ஆட்டம்'. கடலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் 'கர்ணன் வேஷம் கட்டுறவர்' என்றுதான் சொல்வார்கள்; கூத்து, விளையாட்டு இரண்டுக்கும் 'ஆட்டம்' பொது. ஒரு வேறுபாடு பெரிது: கூத்தில் கர்ணன் சாவது மாறாது, இங்கே அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதே நம் முடிவு.

மேலே சொன்ன, ஒருவர்பின் ஒருவராக முறை வைத்து ஆடுவதை ஆங்கிலத்தில் 'டர்ன் பேஸ்டு' என்பார்கள்; அதற்கு 'முறையாட்டம்' எனலாம். தாயம் உருட்டும்போது 'இப்ப உன் முறை' என்றுதானே சொல்கிறோம்.