கல்லீரல் நோயாளியின் மனச்சோர்வு: வெறும் அசதி என்று விட்டுவிடலாமா?

கல்லீரல் சுருக்க நோயோடு மருத்துவமனைக்கு வருபவரிடம் வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, கால் வீங்குகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். ரத்தத்தில் பிலிருபின், அல்புமின் அளவுகள், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மனம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சில நிமிடங்களில் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டாலும், "இந்த வியாதி வந்தவர் வேற எப்படி டாக்டர் இருப்பார்?" என்று கூட வந்தவரே பதில் சொல்லிவிடுவார். கல்லீரல் பிரிவிலிருந்து அனுப்பப்படும் நோயாளிகளைப் பார்த்துவரும் மனநல மருத்துவர் என்ற முறையில், சிகிச்சைக்கு அதிகம் தடையாக இருப்பது இந்தப் பதில்தான் என்பேன். நோயை நினைத்து வருந்துவது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் நீடித்து, உண்பதையும் உறங்குவதையும் மருந்து எடுத்துக்கொள்வதையும் கெடுக்கும் மனச்சோர்வு தனியாக ஒரு நோய். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

கண்டுபிடிப்பதில்தான் முதல் சிக்கல். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற வினாத்தாளில் கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படும். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அந்த ஒன்பதில் உறக்கக் குறைவு, அசதி, பசியின்மை, கவனச்சிதறல், நடமாட்டத்தில் மந்தம் ஆகிய ஐந்தும் கல்லீரல் நோயாலேயே வரக்கூடியவை. எனவே மனம் தெளிவாக இருப்பவர்கூட உடல் அறிகுறிகளால் மட்டுமே பத்தைத் தாண்டிவிடலாம். உண்மையிலேயே சோர்ந்துபோனவரை "கல்லீரல் அசதி" என்று தள்ளிவிடவும் அதே காரணம் இடம் கொடுக்கிறது. ஆகவே மீதமுள்ள நான்குக்கு, அதாவது எதிலும் நாட்டமின்மை, தொடர்ந்த துக்கம், தன்னைப் பயனற்றவராகவும் குற்றவாளியாகவும் எண்ணுதல், சாவு பற்றிய நினைப்பு ஆகியவற்றுக்கு, நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

இதோடு ஒரு கேள்வியும் கேட்பதுண்டு: "நாளைக்கு ஒரு நாள் மட்டும் உடம்பில் பழைய தெம்பு வந்தால் என்ன செய்வீர்கள்?" ஒரே நோய், ஏறக்குறைய ஒரே வயது கொண்ட இரண்டு விவசாயிகளிடம் இதைக் கேட்டேன். ஒருவர் சற்றும் யோசிக்காமல், மடையைத் திறந்துவிட்டு வரப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன் என்றார். மற்றவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது" என்றார். முன்னவருக்கு ஆசை இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. பின்னவருக்குத் தெம்பு வந்தாலும் எழ மனமில்லை. இது பரிசோதனை ஆகாது என்றாலும், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்று இருக்கிறது. அதைத் தவறவிட்டால் ஆபத்து. கல்லீரல் வடிகட்டத் தவறிய அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையைப் பாதிக்கும்போது நோயாளி பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கிறார், சில்லறை எண்ணுவதில் தடுமாறுகிறார், வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். வீட்டார் இதை "மனசு விட்டுட்டார்" என்று புரிந்துகொண்டு, தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவதுண்டு. அல்பிரசோலம், டயசிபாம் வகை மாத்திரைகள் இந்த நிலையை மோசமாக்கி, சுயநினைவு இழக்கும் நிலை வரை கொண்டுபோய்விடும். மலச்சிக்கல், கிருமித்தொற்று, உணவுப்பாதையில் ரத்தக்கசிவு, நீர் பிரிய வைக்கும் மாத்திரை அளவு மீறுவது ஆகியவை இதைத் தூண்டுவன. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதே எளிய முதல்கட்டச் சோதனையாகப் பயன்படுகிறது. நாளுக்கு 2 அல்லது 3 முறை மலம் இளகிப் போகும் அளவுக்கு லாக்டுலோஸ் சிரப் கொடுத்தால் பலர் சில நாள்களில் தெளிந்துவிடுகிறார்கள். அதே சிரப்பைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏற முடியவில்லை, கல்யாண வீட்டுக்குப் போக முடியவில்லை என்று வீட்டோடு முடங்கிப்போனவர்களும் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொன்னால், அளவையும் நேரத்தையும் மாற்றித் தர முடியும்.

ஏன் கல்லீரல் கெட்டால் மனமும் சோர்கிறது என்பதற்கு உடல் சார்ந்த விளக்கமும் உண்டு. நாள்பட்ட அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் மூளையையும் எட்டுகின்றன. ஹெபடைடிஸ் சி நோய்க்கு, அத்தகைய வேதிப்பொருள்களில் ஒன்றான இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்ட காலத்தில், நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது இதற்கு வலுவான சான்று. இன்று அந்த ஊசி தேவையில்லை. பெரும்பாலோர் 12 வார மாத்திரைகளிலேயே குணமடைகிறார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பழைய ஊசியின் கதைகளைக் கேட்டுப் பயந்து சிகிச்சைக்கு வராமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உடலைத் தாண்டி, ஊர் வாயும் இருக்கிறது. கல்லீரல் என்றாலே குடிதான் என்று முடிவுகட்டிவிடுவதால், வாழ்நாளில் மதுவைத் தொடாத கொழுப்புக் கல்லீரல் நோயாளி உறவினர் ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது; குடித்தவரோ, தானே வரவழைத்துக்கொண்டதற்கு அழ உரிமையில்லை என்று வாயை மூடிக்கொள்கிறார். குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் வரும் சோர்வு பலருக்குத் தானாகவே குறையும். 4 வாரம் கழித்தும் குறையாவிட்டால் சிகிச்சை தேவை. சாவு நினைப்பு இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பகாலப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்த ஓர் இளம்பெண், புகுந்த வீட்டில் தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கப்பட்டு, அடுப்படிக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட நிலையில் என்னிடம் வந்தார். ஹெபடைடிஸ் பி சாப்பாட்டாலோ தட்டாலோ பரவாது. ரத்தம், உடலுறவு வழியாகவும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து இதைச் சொன்னது, அவருக்கு மாத்திரை எழுதுவதைவிட அதிகப் பலன் தந்தது.

மருந்து தேவைப்படும்போது, "கல்லீரலே கெட்டிருக்கிறது, மனநோய் மாத்திரை வேறா?" என்ற தயக்கம் வரும். எல்லா மருந்தும் பொருந்தாது என்பது உண்மையே. டுலாக்சிடின், அகோமெலட்டின் ஆகியவற்றைக் கல்லீரல் நோயாளிகளுக்குத் தவிர்க்கிறோம். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் மயக்கத்தையும் தருவதால் உகந்ததல்ல. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். உணவுக்குழாயில் ரத்தநாளப் புடைப்பு இருந்தால் இவற்றால் கூடக்கூடிய ரத்தக்கசிவு அபாயத்தைக் கல்லீரல் மருத்துவரோடு பேசிக்கொள்ள வேண்டும். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு இவற்றால் ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடுவதே நான் அதிகம் காணும் தவறு. மாத்திரை இல்லாமல், முறையான உளவியல் ஆலோசனையாலேயே தேறுபவர்களும் கணிசமாக உண்டு.

"நான் இல்லாம இருந்தா உங்களுக்காவது செலவு மிச்சம்" என்று நோயாளி சொன்னால் அதைப் புலம்பலாக எண்ண வேண்டாம்; சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவிச் சேவையிலும் எந்நேரமும் பேசலாம்.

கல்லீரல் மாற்று அறுவைக்குப் போகும் குடும்பங்களில் இந்தச் சுமை இன்னொருவருக்கும் ஏறுகிறது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானம் 2008 முதல் முறைப்படுத்தப்பட்டிருந்தும், இந்தியாவில் பெரும்பாலான கல்லீரல் மாற்றங்கள் உயிரோடிருக்கும் உறவினர் தானத்தால்தான் நடக்கின்றன. கொடுப்பவர் பெரும்பாலும் மனைவியோ, மகனோ, மகளோ. அறுவைக்குப் பின் ஊரே நோயாளியை நலம் விசாரிக்கும்போது, வயிற்றில் அதே நீளத் தழும்போடு மருந்து டப்பாவையும் ரிப்போர்ட் பையையும் சுமந்து நிற்கும் மனைவியிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. அவர் நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நான் கேட்கிறேன். கண் கலங்கினால், அவர் பெயரிலும் ஓர் ஓபி சீட்டு போட்டு வரச் சொல்கிறேன்.