டர்போவை மட்டும் மாற்றாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், டொல்பின் வேன் ஒன்றை லொறியில் ஏற்றி ஹட்டனில் இருக்கும் என் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். வேன்காரர் கொட்டகலையைச் சேர்ந்த இளைஞர். கம்பளையிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார். ரம்பொடை தாண்டி லபுக்கலைக்கு ஏறும் முடக்குகளில் இழுவை குறைந்து, புகை தள்ளி, வண்டி அப்படியே நின்றுவிட்டது. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் கோலிக்குண்டு நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் அலுமினியம் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது.

"அண்ணே, ஆறு வாரத்துக்கு முன்னாலதான் பெரிய டர்போ போட்டேன். மத்ததெல்லாம் நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றார் தம்பி. குரல் உடைந்திருந்தது. அந்த வேன்தான் அவர் வீட்டின் ஒரே வருமானம். அவர் சொன்ன 'மத்ததெல்லாம்' என்னென்ன என்பதை ஒருநாள் விளக்கமாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வெளியேறும் புகையின் விசையால் டர்போவில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்று என்பது அதற்குச் சாதாரணம். சின்ன டர்போக்கள் இரண்டு இலட்சம்வரை போகும். அப்படித் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். கூடுதல் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் வேண்டும். இரண்டும் கூடி எரிந்தால் சூடும் அழுத்தமும் ஏறும். அந்தச் சூட்டை ரேடியேட்டரும் ஒயிலும் வாங்க வேண்டும், இழுவையைக் கிளட்ச் தாங்க வேண்டும், வேகத்தைப் பிரேக் பிடிக்க வேண்டும். கம்பனி ஒரு வண்டியைச் செய்யும்போது இவை எல்லாவற்றையும் அதில் வரும் டர்போவின் அளவுக்குப் பொருத்தித்தான் செய்கிறது. டர்போ இல்லாமலே வந்த என்ஜின் என்றால் அந்த ஏற்பாடே கிடையாது. அந்தத் தம்பியின் வேன் அப்படிப்பட்டதுதான். முந்தைய உரிமையாளர் ஒரு சின்ன டர்போவை மாட்டியிருக்கிறார். இவர் பாஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் கடை ஒன்றில் அதைவிடப் பெரியதை வாங்கிப் பூட்டியிருக்கிறார்.

வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் பலர். அந்த வண்டிகள் முழு பூஸ்டில் ஓடுவது பத்துப் பதினைந்து விநாடிதான். பிறகு ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார்கள், எல்லாம் ஆறிவிடும். நம் பாதை அப்படியா? கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு 1,300 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், காலை எடுக்கவே முடியாது. வேகமோ மணிக்கு இருபது முப்பது கிலோமீற்றர், முன்னால் ஒரு பஸ் போனால் அதுவும் இல்லை. ரேடியேட்டருக்குள் எதிர்க்காற்று புகுவதே அருமை. எந்த என்ஜினுக்கும் இதைவிடக் கடினமான சோதனை இல்லை.

"நம்ம ஊரு குளிருதானே அண்ணே, சூடாகாது" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். கேஜில் 1 பார் (ஏறக்குறைய கடல் மட்டத்துக் காற்றின் அழுத்தம்) பூஸ்ட் காட்ட, கொழும்பில் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். நுவரெலியாவில் அதே 1 பாருக்கு ஏறக்குறைய 2.2 மடங்கு அழுத்த வேண்டும். அதற்காக இன்னும் வேகமாகச் சுற்றும், காற்றும் இன்னும் சூடாகும். கொழும்பின் 30 பாகைக் காற்று, சாதாரணத் திறனுள்ள டர்போவுக்குள் 1 பாருக்கு அழுத்தப்பட்டால் 120 பாகைக்கு மேல் சூடாகி வெளியே வரும். நுவரெலியாவின் 20 பாகைக் குளிர்காற்றும் அதே 120ஐத் தாண்டித்தான் வெளியே வரும். வெளியே ஸ்வெட்டர் போட்டிருக்கும் குளிர், என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மெனிபோல்டுக்குள் எந்த உதவியும் செய்வதில்லை.

அதனால்தான் நான், அழுத்திச் சூடான காற்றை என்ஜினுக்குள் போகுமுன் ஆற்றும் இன்டர்கூலர் இல்லாமல் டர்போ போட்டுக் கொடுப்பதில்லை. பெரிய டர்போ என்றால் இன்டர்கூலரும் பெரிதாக வேண்டும், காற்று படும் இடத்தில் இருக்கவும் வேண்டும். டொல்பின் மாதிரி சீட்டுக்கு அடியில் என்ஜின் இருக்கும் வேனில் இது பெரிய தலைவலி. என்ஜின் பக்கத்திலேயே இன்டர்கூலரைச் செருகிவைத்தால் அது என்ஜின் சூட்டைத்தான் வாங்கும். பைப்பை முன்பக்கம்வரை கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஒரு மின்விசிறி வைக்க வேண்டும். அந்தத் தம்பியின் வேனில் இன்டர்கூலரே இல்லை.

ரேடியேட்டர் விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் ரோட்டோரப் பீலியில் போத்தலைப் பிடித்து நிரப்பிவிடுவோம். அவசரத்துக்குச் சரி, அதுவே வழக்கமானால் உள்ளே துருவும் கல்லும் படியும். மேலே போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் அது 94 பாகைக்குள் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும், தண்ணீரோடு கலக்கும் கூலன்ட்டும்தான் அந்த எல்லையை உயர்த்துகின்றன. ரப்பர் இறுகிப்போன பழைய மூடியோடு, வெறும் பீலித் தண்ணீரோடு பெரிய டர்போ வண்டியை ஏற்றினால் ஹெட் வளையாமல் என்ன செய்யும்? பாதிக்குப் பாதி கூலன்ட், புது மூடி, நன்றாக இழுக்கும் விசிறி. டர்போவுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

எரிபொருள் விஷயத்தில் டீசலும் பெற்றோலும் நேர் எதிர். பெற்றோல் என்ஜினில் எரிபொருள் குறைந்தால் ஆபத்து. சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல். முழு பூஸ்டில் காற்று 11.5 அல்லது 12 பங்குக்கு வரும்படி பெற்றோலைக் கூட்ட வேண்டும். பெற்றோலைப் பீச்சும் பழைய இன்ஜெக்டரும் பம்பும் அவ்வளவு கொடுக்காவிட்டால் கலவை வறண்டு, வெடிப்பு நேரத்துக்கு முன்பே நடக்கும். தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வரும். அது கேட்டால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்டர் முழு சுமையிலும் தன் கொள்ளளவில் 80, 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு.

டர்போவோடு பிறந்த ஸ்டார்லெட் ஜீடீ கார் ஒன்று ஒருமுறை வந்தது. பூஸ்ட் அளவு மீறும்போது கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தி என்ஜினைக் காப்பாற்றும். அது தொல்லையாக இருக்கிறது என்று, சென்சருக்குப் போகும் வயரில் ஒரு சின்னப் பாகத்தைச் செருகி, கம்பியூட்டருக்கு உண்மையான பூஸ்ட் தெரியாமல் மறைத்திருந்தார்கள். இது காவல்நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது மாதிரி. டர்போ மாற்றினால் கம்பியூட்டரை முறையாக டியூன் செய்ய வேண்டும். இங்கே பெற்றோல் 92, 95 என்று இரண்டு ஒக்டேனில் கிடைக்கிறது. 95ஐ நம்பி டியூன் செய்த காருக்கு, ஷெட்டில் 92தான் இருந்தது என்று அதை ஊற்றிக்கொண்டு ஏற்றத்தில் மிதிக்கக் கூடாது. எது எப்போதும் கிடைக்குமோ அதற்கு டியூன் செய்வதே நம் ஊருக்கு நல்லது.

டீசலில் எரிபொருள் அதிகமானால்தான் ஆபத்து. பம்பின் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிவிட்டால் இழுவை வரும், கூடவே கறுப்புப் புகையும் வரும். அந்தப் புகை, காற்று போதாமல் சரியாக எரியாத டீசல். அதனால் வெளியேறும் புகையின் சூடு எகிறும். டர்போவுக்கு முன்னால் அந்தச் சூட்டை அளக்கும் கேஜ் ஒன்று உண்டு. அதில் 700 பாகையைத் தாண்டி நீண்ட நேரம் ஏற விடாதீர்கள். அலுமினியம் உருகுவதே 660 பாகையில். பிஸ்டன் உருகாமல் தப்புவது, ஒயிலும் சுற்றியுள்ள தண்ணீரும் அதன் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான். டர்போவோடு பிறந்த டீசல் என்ஜின்களில் பொதுவாக பிஸ்டனுக்கு அடியில் ஒயிலைப் பீச்சும் ஜெட்கள் இருக்கும். தம்பியின் என்ஜினில் அது இல்லை. இன்டர்கூலர் இல்லை, ஜெட் இல்லை, பம்ப் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று திருப்பியிருந்தது. ரம்பொடைக்கு மேலே காற்றும் மெலிந்துவிட்டது. பிஸ்டன் அங்கே உருகியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த டர்போ இன்னொரு விதத்திலும் தவறான தேர்வு. பெரிய சக்கரம் சுற்றத் தொடங்க நேரம் எடுக்கும். கொண்டை ஊசி முடக்கில் முதல் கியரில், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதுதான் நமக்கு இழுவை வேண்டும். அந்த இடத்தில் பெரிய டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். பம்போ டீசலைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆள் ஏற்றும் வேனுக்கு, மலைப்பாதைக்கு, சீக்கிரம் விழிக்கும் சின்ன டர்போதான் சரி. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் பெரிதைத்தான் கேட்கிறார்கள்.

ஒயில் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டர்போவுக்குள் ஒயில் அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வருவது தன் பாரத்தால் மட்டும், அதுவும் நுரையாக. ஆகவே திரும்பும் பைப் அகலமாக, வளைவு மடிப்பு இல்லாமல், கீழ்நோக்கிச் சரிந்து, என்ஜினுக்கு அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது தடைப்பட்டால் ஒயில் சீலைத் தாண்டிக் காற்றுப் பாதையில் கசியும். நான் தொழில் தொடங்கிய புதிதில், ஒயில் பைப்பின் இணைப்பில் சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டேன். பிதுங்கிய பசைத் துண்டு பிய்ந்து ஒயில் துவாரத்தை அடைத்தது. புது டர்போ இரண்டே நாளில் இறுகிப்போனது. அந்தப் பணத்தை நானே கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த இணைப்பில் கேஸ்கட் மட்டும்தான், பசை கிடையாது.

ஒயில் கசிவு டீசல் வண்டியில் உயிராபத்து. டீசல் என்ஜின் ஒயிலையும் எரித்து ஓடும். அது நிறையப் போனால் என்ஜின் தானாகவே வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மெனுவல் வண்டியானால் பிரேக்கை முழுதாக அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினை நிறுத்துங்கள். வண்டி நின்றிருந்தால் காற்று உறிஞ்சும் வாயைத் தடித்த பலகையால் அடைக்கலாம். கையை வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, ஏறி முடித்து தேநீர்க் கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம், நீண்ட ஏற்றம் என்றால் இரண்டு நிமிடம், சும்மா ஓட விடுங்கள். இல்லாவிட்டால் சிவந்திருக்கும் டர்போவுக்குள் நிற்கும் ஒயில் கருகிக் கரியாகிவிடும்.

சைலன்சர் பைப்பை அகலப்படுத்துவது நல்லதுதான், ஆனால் மிஞ்சிய புகையை டர்போ சக்கரத்தில் படாமல் வெளியே திருப்பும் கதவான வேஸ்ட்கேட் சின்னதாக இருந்தால் பூஸ்ட் நீங்கள் வைத்த அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். கேஜைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கிளட்ச் வழுக்கினால் கருகல் வாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரேக்கைத்தான் யாரும் நினைப்பதில்லை. இழுவை கூடியதும் 12 பேர் ஏறிய வேனில் 16 பேர் ஏறுகிறார்கள், கூரையில் மூட்டையும். ஏறிய அத்தனையும் கினிகத்தேனை இறக்கத்திலோ கடுகண்ணாவையிலோ இறங்கியாக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் மூடுபனிக்குக் குறைவில்லை. டொட் 4 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகைவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155வரை இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சாகிக் கீழே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நல்ல பேட் போடுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

புகைப் பரிசோதனையையும் காப்புறுதியையும் மறக்க வேண்டாம். பம்பைத் திருப்பிய டீசல் வண்டி புகைப் பரிசோதனையில் விழுந்தால் அந்த வருட வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. மாற்றத்தைக் காப்புறுதிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், விபத்து நடந்தபின் அதையே காரணம் காட்டுவார்கள்.

யாராவது டர்போ மாற்ற வந்தால், முதல் நாள் நான் டர்போவைப் பற்றிப் பேசுவதே இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்ப்பேன், ரேடியேட்டரைக் கழற்றிப் பார்ப்பேன், பிரேக்கைப் பார்ப்பேன். பூஸ்ட் கேஜும் புகைச் சூட்டுக் கேஜும் பூட்டி, பழைய டர்போவோடு ஒருமுறை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். அந்த எண்களைப் பார்த்தபின் சிலர் டர்போ ஆசையையே விட்டுவிடுகிறார்கள். அடைத்த எயார் ஃபில்டரையும் தேய்ந்த இன்ஜெக்டரையும் மாற்றியதும் அவர்கள் தேடிய இழுவை திரும்பிவிடுகிறது.

கொட்டகலைத் தம்பியின் என்ஜினைக் கட்ட டர்போ விலையைப் போல் நான்கு மடங்கு செலவானது. பெரிய டர்போவை விற்றுவிட்டு, சின்னது ஒன்றும் முன்பக்கம் ஒரு இன்டர்கூலரும் பூட்டினோம். பம்ப் ஸ்க்ரூவை நானே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். போன வாரம் நுவரெலியாவிலிருந்து போன் எடுத்தார். லபுக்கலை ஏற்றத்தில், 14 பேரோடு, புகைச் சூடு 620ஐத் தாண்டவில்லையாம்.