ஹை ரிஸ்க் கர்ப்பம், வீட்டில் சின்னக் குழந்தை: தமிழ்நாட்டில் உங்களுக்கு என்னென்ன உண்டு?

இரண்டாவது, மூன்றாவது கர்ப்பத்தில் டாக்டர் "அட்மிட் ஆகணும்மா" என்றதும் பல பெண்கள் முதலில் கேட்பது, "அப்போ பெரியவனை யாரு பார்த்துக்குவாங்க?" என்றுதான். பதில் கிடைக்காமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. பிபி ஏறியிருக்கிற நேரத்தில் அப்படிக் கிளம்புவது உயிருக்கே ஆபத்து. அந்த நிலைமை வராமல் இருக்க, அரசு ஏற்கெனவே என்னென்ன தருகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தருகிற எண். கர்ப்பம் உறுதியானதும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ, நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே இந்த நம்பரைக் கேட்பார்கள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாலும் அதே நம்பர்தான், போகும் முன் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அங்குள்ள செவிலியருக்குத் தகவல் போய்விடும்.

எதையெல்லாம் ஹை ரிஸ்க் என்கிறார்கள்? பிபி 140/90 அல்லது அதற்கு மேல், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், கர்ப்பகாலச் சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, 35 வயதைத் தாண்டியது, இதெல்லாம் அதில் வரும். சர்க்கரைக்கான சோதனையில் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும், அளவு 140-ஐத் தொட்டாலே சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். நடுவில் பிள்ளை அழுகிறது என்று எழுந்து போய்விட்டால் சோதனை வீண், அதனால் அன்றைக்கு மட்டுமாவது யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கும். 2016-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது, அன்று மருத்துவரே இலவசமாகப் பரிசோதிப்பார். 9-ஆம் தேதி விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் நடக்கும். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் தாய் சேய் நல அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துப் பயப்படவோ வெட்கப்படவோ எதுவும் இல்லை, அந்த அட்டையை எப்போதும் கைப்பையிலேயே வைத்திருங்கள். நடு ராத்திரியில் பழக்கமில்லாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், உங்களால் பேச முடியாவிட்டாலும் அட்டையைப் பார்த்து மருத்துவர் நிலைமையைப் புரிந்துகொள்வார்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ஸ்கேன், ரத்தம் எல்லாமே இலவசம். இது 2011 முதல் இருக்கிற உரிமை. பிரசவத்துக்கு முன்போ பின்போ வருகிற சிக்கல்களுக்கான சிகிச்சையும் இதில் அடக்கம். சுகப்பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் வரை தாய்க்குச் சாப்பாடு உண்டு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அதற்கு, பிறகு வீடு திரும்ப என எல்லாவற்றுக்கும் வண்டி இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வயது வரை சிகிச்சைக்கும் காசு கிடையாது. இது எத்தனையாவது பிரசவம் என்று யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது. மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள், 104-க்கும் போன் செய்து புகார் சொல்லலாம்.

ஆனால் கைக்கு வரும் பணத்துக்குக் குழந்தைக் கணக்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். இதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்தான் இது. பெட்டகத்தில் பேரீச்சை, நெய் எல்லாம் இருக்கும், சர்க்கரை உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்று செவிலியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். தனியார் நிறுவனத்தில் கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். மூன்றாவது கர்ப்பத்தில் இருக்கிறவளுக்கு வீட்டில் பிள்ளைகளும் அதிகம், உடம்பில் தெம்பும் குறைவு, அவளுக்குப் போய் லீவைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால், மருத்துவச் சான்று கொடுத்து அந்த லீவுக்கு மேல் இன்னும் ஒரு மாதம் சம்பளத்தோடு கேட்கலாம். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயிலும் இப்படி ஒரு மாதம் கூடுதலாக உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் உட்கார இருக்கை கேட்கலாம், 2021-இலேயே தமிழ்நாட்டில் அதற்குச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

சரி, பெரிய குழந்தைக்கு என்ன வழி? அம்மா மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனித் திட்டம் இல்லை, இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைக்குக் கைகொடுப்பது அங்கன்வாடிதான். இரண்டு வயது நிறைந்த பிள்ளையைப் பகலில் விடலாம், மதியச் சாப்பாடும் முட்டையும் அங்கேயே கிடைக்கும். பிள்ளையைப் பாட்டி ஊருக்கு அனுப்பினால் அந்த ஊர் அங்கன்வாடிக்குப் பதிவை மாற்றித் தரச் சொல்லுங்கள், பணியாளர் கையில் இருக்கும் செயலியிலேயே அது முடியும். அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குக் காலை உணவும் பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது, எனவே பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லி வைத்தால் போதும். இதையெல்லாம் ஏழாவது மாதத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள்.

தலைவலி தாங்க முடியவில்லை, கண் மங்குகிறது, முகமும் கையும் வீங்குகிறது, ரத்தம் படுகிறது, பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது, இதில் எது நடந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வண்டி வந்ததும் பிள்ளையையும் கூடவே ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், சொந்தக்காரர்கள் மருத்துவமனைக்கு வந்து கூட்டிப் போகட்டும்.