ஏசி பைப்புக்குள் கொதிக்கும் தண்ணீர்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “புது ஸ்பிளிட் ஏசி மாட்ட வந்தவர், ‘வேக்குவம் பம்ப் எல்லாம் வேண்டாம் சார், கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டால் பைப்பில் இருக்கிற காற்று வெளியே போய்விடும்’ என்று இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். இது சரிதானா?”

சரியில்லை. ஊரில் பாதி ஏசிகள் இப்படித்தான் மாட்டப்படுகின்றன என்பது என் சந்தேகம். அதனால் இது சரியாகிவிடாது.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். வீட்டுக்குள் இருக்கும் காயிலில் குளிரூட்டி (நாம் ‘கேஸ்’ என்று சொல்வது) ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. அவுட்டோர் யூனிட்டில் அது மறுபடி திரவமாகி, வெப்பத்தை ஃபேன் காற்றில் விடுகிறது. வெளியே 40 டிகிரி வெயில் என்றால், உள்ளே இருக்கும் வாயு அதைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். 50 டிகிரியில், புது ஏசிகளில் வரும் ஆர்-32 வாயு திரவமாக, வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 31 மடங்கு தேவை. பழைய ஆர்-22க்கு 19 மடங்கு போதும். அதாவது புது யூனிட் சாதாரண மே மாத மதியத்திலேயே திணறலான அழுத்தத்தில்தான் ஓடுகிறது.

இதில் காற்றும் புகுந்தால்? அந்த வெப்பநிலையில் காற்றை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. குளிரூட்டி திரவமாகி நகர்ந்துவிடும், காற்று அவுட்டோர் காயிலிலேயே தேங்கிவிடும். டால்டன் விதிப்படி அதன் அழுத்தமும் மொத்தத்தில் சேர்ந்துகொள்ளும். கரண்ட் பில் ஏறும். கத்திரி வெயிலில் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை அடிக்கடி நிறுத்தும்.

கேஸை விட்டு ஊதினால் காற்றில் பெரும்பகுதி போய்விடும், அது உண்மைதான். போகாதது ஈரம். காப்பர் பைப்பின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்ப்ரஸரில் ஊற்றப்படும் எஸ்டர் வகை எண்ணெய், தண்ணீரோடு சேர்ந்தால் மெல்ல மெல்ல அமிலமாகப் பிரியும். அமிலம் மோட்டார் காயிலின் வார்னிஷை அரிக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து கம்ப்ரஸர் போகும்போது யாரும் முதல் நாளைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பைப்புக்குள் துணி விட்டுத் துடைக்க முடியாது, அடுப்பில் வைத்துக் காயவைக்கவும் முடியாது. அப்புறம் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? கொதிக்க வைக்க வேண்டும், சூடு இல்லாமலே. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் இறக்கிக்கொண்டே போனால்? கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதை 32 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 30 டிகிரியில், அதாவது மொட்டைமாடி நிழலில் கிடக்கும் பைப்பின் சூட்டிலேயே, தண்ணீர் கொதித்து ஆவியாகும். பம்ப் அந்த ஆவியை இழுத்து வெளியே தள்ளும். வேக்குவம் பம்ப் காற்றை எடுக்கும் கருவி என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது தீயில்லாத அடுப்பு.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆவியாகும்போது மிச்சத் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகும். துளிகள் அதிகமாக இருந்து, பம்பும் வேகமாக இழுத்தால், கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரே பனிக்கட்டியாக உறைந்துவிடும்! அப்புறம் அது வெளியேற நேரம் பிடிக்கும். அதனால்தான் நல்ல மெக்கானிக் அவசரப்படுவதில்லை.

எவ்வளவு இறக்க வேண்டும்? 500 மைக்ரானுக்குக் கீழே என்பது தொழிலில் வழக்கமான அளவு. ஒரு மைக்ரான் என்பது பாதரசத்தில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண முள் கேஜில் இது தெரியாது. 10,000 மைக்ரானும் 500 மைக்ரானும் அதில் கிட்டத்தட்ட ஒரே இடம். டிஜிட்டல் மைக்ரான் கேஜ் வேண்டும். எனக்கு மிகப் பிடித்த கட்டம் அதற்குப் பிறகுதான். வால்வை மூடிவிட்டு, பம்பை நிறுத்திவிட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது; அதன் ஆவியழுத்தம் வந்ததும் ஏற்றம் அடங்கிவிடுகிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை, அநேகமாக பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டில். ஒரு பாகத்தையும் கழற்றாமல், எண் ஏறுகிற விதத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

கேஸை விட்டு ஊதுவதில் வேறு சிக்கலும் உண்டு. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வாயு. கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியதும்கூட.

அவுட்டோரை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று வாஸ்து சொல்லி, குறுகலான சந்தில் சொருகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யூனிட் விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும். கம்ப்ரஸருக்குத் திசை தெரியாது, திறந்த வெளிதான் வேண்டும்.

நிறுத்திய ஏசியை உடனே போட்டால் மூன்று நிமிடம் கம்ப்ரஸர் ஓடாது, கவனித்திருப்பீர்கள். இரு பக்க அழுத்தமும் சமமாகும் வரை கன்ட்ரோல் போர்டு காத்திருக்கிறது. ரிமோட்டைத் தட்டிப் பயனில்லை.

வீடு மாறும்போதுதான் உண்மையான ஆபத்து. கேஸை அவுட்டோரில் சேகரிக்க, மெல்லிய பைப்பின் வால்வை மூடி கம்ப்ரஸரை ஓட்டுவார்கள். அது ஓடும்போதே பைப் கழன்றால் காற்று உள்ளே போகும். காற்றும் எண்ணெய்த் துளியும் சேர்ந்து நெருக்கப்பட்டால், டீசல் இன்ஜினில் நடப்பதேதான் நடக்கும்: தானாகத் தீப்பற்றி கம்ப்ரஸர் வெடிக்கும். அதனால் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள்.