பெரிய எஞ்சின் போடுமுன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

"பாஸ், மேடு ஏற மாட்டேங்குது. மூனாவது கியர்ல இருமுது. நிசான் ஏ15 எஞ்சின் ஒன்னு கியர் பொக்ஸோட பாத்து வச்சிருக்கேன். போட்டுக் குடுங்க."

நுவரெலியா ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு என் கராஜுக்கு வந்த தம்பி ஒருவரின் பேச்சு இது. வண்டி 948 சி.சி. மொறிஸ் மைனர், ஸ்ரீ நம்பர் பிளேட். தாத்தா தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது தொரை ஒருவரிடம் வாங்கியதாம். அப்பாவிடம் இருந்து, இப்போது இவரிடம்.

நான் பொனட்டைத் திறக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, பெடலுக்குக் கீழே இருந்த கார்பெட்டைத் தூக்கினேன்.

"அங்க என்ன பாஸ் இருக்கு?"

மூன்று வருடமாக ஓட்டுகிறார், பெடலை மிதிக்கும்போது எண்ணெயை வீல்களுக்குத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் காலடியில் இருப்பது தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது. இன்றைய கார்களில் பொனட்டைத் திறந்தால் பிரேக் எண்ணெய் போத்தல் கண்ணெதிரே நிற்கிறது. மைனரில் அது தரைக்கு அடியில், செசிக்குள். கார்பெட்டைத் தூக்கி, மூடித் தகட்டைக் கழற்றி, அடைப்பைத் திருகினால்தான் எண்ணெயைப் பார்க்கலாம். பார்த்தோம். பிளேன்டீ நிறத்தில் இருந்தது, அடியில் வண்டல்.

"தம்பி, எஞ்சினைப் பிறகு பேசுவோம்" என்றேன். முகம் தொங்கிவிட்டது.

ஹட்டனில் முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் மவுசு ஏறியது. கொட்டிலில் கோழி அடைந்துகிடந்த மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் வெளியே வந்தன. டிங்கரிங், பெயின்ட், புது சீட், அடுத்தது கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு ரீகண்டிஷன் எஞ்சின். பெரிய எஞ்சின் போடவே கூடாது என்று சொல்பவன் நானில்லை. எத்தனையோ போட்டிருக்கிறேன். எதற்குப் பிறகு எது என்பதில்தான் என் சண்டை.

முதலில், வண்டி ஏன் இருமுகிறது? உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 சதவீத பலத்தை இழக்கும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, நுவரெலியா 1,868. இங்கிலாந்தில் 37 குதிரை வலுவோடு பிறந்த எஞ்சின் நுவரெலியா மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் 30 கொடுத்தால் பெரிய காரியம். காற்று குறைந்தும் பெற்றோல் அதே அளவு இறங்குவதால் கலவை கனத்து, பிளக் கறுத்து, புகை வருகிறது. எஸ்.யூ. கார்பரேட்டரின் ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றி, தேவைப்பட்டால் ஊசியை மாற்றி, வால்வ் இடைவெளியும் டைமிங்கும் பார்த்தால் அரை நாள் வேலை. "எஞ்சின் போய்விட்டது" என்று வந்த பல வண்டிகள் இதோடு வீட்டுக்குப் போயிருக்கின்றன. அப்படிச் செய்தால் எங்களுக்கு வருமானம் குறைவு. அதனால்தானோ என்னவோ, கராஜ்களில் இதை அதிகம் சொல்வதில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

2003இல் ஓர் ஆசிரியர் தன் மைனரைக் கொண்டுவந்தார். டட்சன் ஏ14, 1,397 சி.சி. எஞ்சினை இறக்கினேன். பழையதைப் போல இரண்டு மடங்கு பலம். ஐயா கண்ட இடமெல்லாம் என் பெயரைச் சொன்னார், எனக்கும் தலைக்கனம். பிரேக்கில் கை வைக்கவில்லை. வீலைக் கழற்றி பிரேக் ஷூவைப் பார்த்தேன், தடிப்பு இருந்தது, மாட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, நாவலப்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பேரோடு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கியிருக்கிறார். கருகல் வாடை. பெடல் கல்லு மாதிரி இறுகியிருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. ஐயா புத்திசாலி. மலைப் பக்கம் சாய்த்து ரோட்டோர வடிகானுக்குள் இறக்கிவிட்டார். அவர் மனைவியின் கை முறிந்தது. மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஐயா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சூடாகிப் போச்சு போல" என்றார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சூடாகித்தான் போனது. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் சாமான், வேறொன்றுமில்லை. 40 கிலோமீற்றரில் வரும் காரை நிறுத்தும்போது எழும் சூட்டைவிட, 60இல் வரும் அதே காரை நிறுத்த இரண்டேகால் மடங்கு சூடு எழும். பெரிய எஞ்சின் போட்டவன் வளைவுக்கு வளைவு 60இல்தான் வருவான். அதற்குத்தானே போட்டான்! இறக்கத்தில் உயரமும் சேர்ந்து சூடாகிறது. நாலு பேரோடு ஒரு மைனர் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினால், அந்த உயரத்தில் அடங்கியிருக்கும் சக்தி ஏறத்தாழ 40 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் எஞ்சினுக்கும் (சின்னக் கியரில் இறங்கினால் அது வண்டியை இழுத்துப் பிடிக்கும்) பிரேக்குக்கும். எஞ்சினுக்குக் கொடுக்காததெல்லாம் பிரேக்குக்கு.

948 சி.சி. மைனரின் முன் ட்ரம், அதாவது வீலோடு சுழலும், உள்ளேயிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும் பிரேக் சட்டி, 7 அங்குலம். இங்கிலாந்துக்காரனே 1962இல் 1,098 சி.சி. எஞ்சின் போட்டபோது, 48 குதிரை வலுவுக்காக முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கினான். பதினொரு குதிரை கூடியதற்கே பிரேக்கை மாற்றியவன் அவன். நாங்கள் அந்த 7 அங்குல ட்ரம்மிலேயே ஏ15 போன்ற 1,500 சி.சி.யை ஓட்டப் பார்க்கிறோம்.

ட்ரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கூடுதலாக இறங்கும். ஷூவின் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். பெடல் இறுகியிருந்தும் வண்டி நிற்காமல் போவது லைனிங் பிடிப்பை இழப்பதால்தான். இன்னொரு கோளாறு, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடுவது. அது எண்ணெய் கொதித்து ஆவியானது. பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். டொட் 3 என்ற வகைப் புது எண்ணெய் 205 பாகை வரையாவது தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியதற்கோ 140 பாகைதான். வருடத்தில் பாதி நாள் பனியும் மழையுமாக இருக்கும் ஊரில் அந்தப் பிளேன்டீ எண்ணெய் எத்தனை பாகை தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள். அதோடு மைனரில் நாலு வீலுக்கும் ஒரே லைன். எங்காவது ஒரு குழாய் விட்டால் நாலும் போச்சு.

அதனால் என் கராஜில் வரிசை இதுதான். முன் வீல்களுக்கு 8 அங்குல ட்ரம், 1,300 சி.சி.க்கு மேலே போனால் டிஸ்க். இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர். புதுக் குழாய், டொட் 4 எண்ணெய். டிஸ்க் போட்டால் பெடல் பாரமாகும், பூஸ்டர் வேண்டும். முன்னும் பின்னும் பிடிப்பதில் சமன் பார்க்காவிட்டால் மழை ரோட்டில் பின்பக்கம் இறுகி வண்டி சுழன்றுவிடும். அதை வெறும் மைதானத்தில் சோதிக்காமல் ரோட்டுக்கு விடுவதில்லை. இன்னொன்று, புதிய எஞ்சினின் சைலன்சர் குழாய் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டி இறங்கினால் எண்ணெயை நாமே அடுப்பில் வைத்த மாதிரி.

பூஸ்டர் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எஞ்சின் உறிஞ்சும் காற்றில் வேலை செய்கிறது. 2022இல் கியூஆர் அட்டையோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பலர் ஒரு பழக்கம் பிடித்தார்கள், இறக்கத்தில் நியூட்ரல், சிலர் சாவியையே அணைப்பது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சாவியை அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டர் உதவும். நியூட்ரலில் எஞ்சின் பிடிப்பும் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதிலேயே இறங்குங்கள் என்று அந்தக் கால லொறி டிரைவர்மார் சொல்வார்கள். பழைய எஞ்சினோடு ஓடும் மைனருக்கு அது சரி. பெரிய எஞ்சின் போட்ட மைனருக்கு இது பொய்க்கும், ஏனென்றால் அது மூன்றாவதில் சிரித்துக்கொண்டே ஏறும். மூன்றாவதில் இறங்கினால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு கியர் குறைத்து இறங்க வேண்டும். நிசான் கியர் பொக்ஸின் நன்மை இங்கேதான். மைனரின் முதல் கியருக்கு, ஓட்டத்தில் கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் சிங்குரோ கிடையாது, ஓட்டத்தில் விழுத்தினால் கறகறக்கும். நிசானில் அந்தத் தொல்லை இல்லை.

எஞ்சினின் சுழற்சியைப் பின் வீல்களுக்குக் கொடுக்கும் டிபரன்சல் விஷயம் இருதலைக்கொள்ளி. பழையதையே விட்டால், புதிய எஞ்சினின் முறுக்குக்கு அதன் அக்ஸில் ஷாஃப்ட் என்றைக்காவது முறியும். இறக்கத்தில் முறிந்தால் கியரில் இருந்தும் எஞ்சின் பிடிக்காது. மாற்றினால், கிடைப்பது பெரும்பாலும் 3.9 விகிதம். பழையது 4.55. விகிதம் குறைந்தால் டொப் ஸ்பீட் கூடும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு குறையும். மலையில் ஓட்டுபவருக்கு டொப் ஸ்பீட் எதற்கு? மாற்றத்தான் சொல்வேன், ஆனால் 4க்கு மேலே உள்ள விகிதம் கிடைக்கும் வரை பொறுங்கள்.

முன்பக்கம் ட்ரனியன் என்று ஒரு சாமான். ஸ்டியரிங் திருப்பும்போது வீல் சுழல்வது அதன் மரையில்தான். கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் கழன்று வீல் மடிந்து உள்ளே படுத்துவிடும். கிறீஸ் கன்னை வைத்து அடிக்கும்போது பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது, கிறீஸ் உள்ளே போகவில்லை. மாதம் ஒருமுறை அடியுங்கள்.

ரேடியேட்டரும் டைனமோவும் எஞ்சினோடு எப்படியும் மாறும், அதை எந்த பாஸும் மறக்க மாட்டார். மறப்பது கடதாசியை. எஞ்சின் நம்பரும் சி.சி.யும் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கின்றன. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லை பத்திரப்படுத்துங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

தம்பியிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. ஆனாலும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "நுவரெலியா மகாகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் ரேஸ்ல இதைவிடப் பெரிய எஞ்சின்லாம் ஓடுதே பாஸ்?" ஓடுகிறது. மேலே ஓடுகிறது, ரோட்டை மூடிவிட்டு. இறங்கும்போது யாரும் அங்கே மணிக்கூடு பிடிப்பதில்லை.

எஞ்சினைச் சாக்கால் மூடிக் கராஜ் மூலையில் வைத்தோம். மே, ஜூன் முழுக்கப் பிரேக்கும் முன்பக்கமும். கையில் காசு சேரும் வேகத்தில் வேலை நடந்தது. கார்பரேட்டரைச் சரி செய்து கொடுத்ததில் பழைய எஞ்சினே நானுஓயா மேட்டை மூன்றாவதில் ஏறியது. "பாஸ், இது போதும் போலயே" என்று ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஆசை விடவில்லை. செப்டெம்பரில் ஏ15ஐ இறக்கினோம்.

முதல் ஓட்டத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, அதே இறக்கம். அவரை இரண்டாவது கியரில் இறங்க வைத்தேன். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது, ஓரம் கட்டி அதை விட்டோம். கீழே ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியதும் நாலு பேர் கூடிவிட்டார்கள். தம்பி பொனட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் முன் வீல் பக்கம் குந்தி, விரலில் தண்ணீர் தொட்டு டிஸ்க்கில் ஒரு சொட்டு வைத்தேன். சீறவில்லை, மெதுவாக ஆவியானது. மற்றப் பக்கத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.