ஈறடிக் காரை

பல் மருத்துவர் ‘டார்ட்டர்’ என்றாலும் ‘கால்குலஸ்’ என்றாலும் சொல்வது பல்லில் கல்லாய் இறுகும் படிவு என்ற ஒரே பொருளைத்தான். முதல் சொல் ஒயின் பீப்பாயிலிருந்து வந்தது. பீப்பாயின் உட்புறம் படியும் உப்புக்கு இடைக்கால லத்தீனில் டார்ட்டரம் என்று பெயர். உடலுக்குள் கெட்டிப்படும் படிவுகளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியவர் 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ். ஆனால் பீப்பாயில் இருப்பது பொட்டாசியம் உப்பு, பல்லில் இறுகுவதோ பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். கால்குலஸ் என்றால் லத்தீனில் சிறு கல். கல் வைத்து எண்ணிய பழக்கத்தால் கணக்குக்கும் அதே பெயர் போய்ச் சேர்ந்தது.

தமிழில் இது காரை. ‘காரை பெயர்ந்த சுவர்’ என்கிறோமே, அந்தச் சுண்ணாம்புச் சாந்துதான். சாந்திலும் கால்சியம், பல்லில் படிவதிலும் கால்சியம். டார்ட்டரைவிட நம் சொல்லே வேதியியலுக்கு நெருக்கம். இதைக் காவியோடும் ஊத்தையோடும் குழப்பக் கூடாது. காவி என்பது வெற்றிலையும் தேநீரும் ஏற்றும் கறை. ஊத்தை என்பது விரலால் வழித்தால் வந்துவிடும் மெத்தென்ற படலம், பெரும்பாலும் பாக்டீரியாக் கூட்டம். ஊத்தை இறுகினால்தான் காரை.

ஈறுக்கு மேலே தெரியும் காரை வெளிர் மஞ்சளாக இருக்கும். அதற்குத் தாது தருவது உமிழ்நீர். அதனால்தான் உமிழ்நீர்க் குழாய்கள் திறக்கும் இடத்தருகே, கீழ் முன்பற்களின் உட்புறத்தில், அது அதிகம். ஈறுக்குக் கீழே இருப்பது அங்கிருந்து சரிந்து இறங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அது அங்கேயே உருவாவது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. ஆழத்தில் ஓர் இடுக்கு எல்லோருக்கும் உண்டு. ஊத்தை அதற்குள் இறங்கியதும் ஈறு அழலும். இரத்தத்திலிருந்து ஊறும் ஒருவகை நீர் இடுக்கில் கூடும். அந்த நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஊத்தையைக் கல்லாக்குகின்றன. இறுகத் தொடங்கச் சில நாட்களே போதும். கசியும் இரத்தத்தின் நிறமிகள் சேர்வதால் இது கரும்பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்கும். மேற்காரையைவிடக் கெட்டி, வேரின் சொரசொரப்பான மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். காரையின் மேல் புது ஊத்தை எளிதில் தங்குவதால் அழற்சி வளர, இடுக்கும் ஆழமாகிப் பையாகிறது.

ஈறுக்குக் கீழே உருவாகும் இந்தக் காரையை ‘ஈறடிக் காரை’ எனலாம். ஈழத்தில் ஈறை முரசு என்பார்கள், அங்கே ‘முரசடிக் காரை’ என்றால் உடனே புரியும். ‘பற்கல்’ என்றும் எழுதலாம்தான், ஆனால் அது வெறும் லத்தீன் நிழல்.

பல் துலக்கி ஈறடிக் காரையை எடுக்க முடியாது. மருத்துவர் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்த பின் பல் ஆடுகிறது என்ற புகார் அடிக்கடி கேட்பதுதான். பல்லைத் தாங்கும் எலும்பு அழற்சியால் முன்பே கரைந்திருக்கும். அதுவரை ஆட்டம் தெரியாமல் பற்களை ஒட்டிப் பிடித்திருந்தது காரை.