பசித்த வேர் பூஞ்சையைக் கூப்பிடும் விதம்

வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டு ஊர்களின் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் புளியமரத்துக்கு யாரும் உரம் வைப்பதில்லை. ஆனாலும் காய்க்கிறது. இத்தனைக்கும் செம்மண்ணில் உள்ள மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கிடைக்கிற கொஞ்சத்தையும் வேர் தன்னை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டருக்குள் உறிஞ்சித் தீர்த்துவிடும். அதற்கு அப்பால் போய் எடுத்து வருவது பூஞ்சை. கடையில் ‘வேம்’ என்று விற்கிறார்களே, அந்த வேர் உட்பூசணம்தான். வேர்த்தூவியைவிட மெல்லிய இழைகளைச் சில சென்டிமீட்டர் தூரம் ஓட்டி மணிச்சத்தைக் கொண்டுவரும். கூலியாக மரத்திடம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும்.

சரி, இருட்டு மண்ணுக்குள் வேர் இருக்கும் இடம் பூஞ்சைக்கு எப்படித் தெரிகிறது? மணிச்சத்து குறைந்ததும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனை மிக மிகக் குறைந்த அளவில் கசியவிடுகிறது. மண்ணில் அது சீக்கிரமே சிதைந்துவிடும். ஆகவே அது தட்டுப்பட்டால், உயிருள்ள வேர் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். பட்டவுடன் பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரியும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டியது 2005-ல்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வகைப் பொருள் 1966-லேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. கரும்பிலும் சோளத்திலும் வேரைப் பிடித்து உறிஞ்சும் சுடுமல்லியின் விதையை முளைக்க வைப்பது இதுதான் என்று அப்போது கண்டார்கள். தன் எதிரியைத் தானே எழுப்பும் பொருளைச் செடி எதற்காகக் கசியவிட வேண்டும்? ஏறத்தாழ நாற்பது வருஷம் விடை இல்லை. பூஞ்சைக்குப் போட்ட அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். 2008-ல் இன்னொன்றும் தெரிந்தது: இதே ஹார்மோன்தான் செடிக்குள் பக்கக்கிளை விடுவதையும் அடக்குகிறது. பசி வந்தால் மேலே செலவைக் குறை, கீழே ஆள் கூப்பிடு!

உள்ளே வந்த பூஞ்சையைச் செடி இஷ்டத்துக்கு மேய விடுவதும் இல்லை. வேரைக் காரக் கரைசலில் வெளுக்க வைத்து, நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பூஞ்சை புகுந்த செல்களுக்குள் இலையுதிர்ந்த குட்டி மரம் போல ஒன்று நிற்கும். பண்டமாற்று நடப்பது அங்கேதான். சில நாளில் அது சிதைந்துபோகும். மணிச்சத்தைச் சரியாகத் தராவிட்டால் இன்னும் சீக்கிரம். திராட்சைக்குத் தெளிக்கிறார்களே ஜிபரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன், அது வேரில் மிகுந்தால் இந்த அமைப்பு உருவாவதே தடைபடும். காயைப் பழுக்க வைக்கும் ஹார்மோனான எத்திலீனும் பூஞ்சையைப் பின்வாங்க வைக்கும். இவற்றில் பெரும்பாலானவை தக்காளி, நெல், பட்டாணி போன்ற சின்னப் பயிர்களில் பார்த்தவை. மரத்தில் சோதனை செய்ய வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மரங்களில் நன்றாக ஆராயப்பட்டது பாப்லர். அதன் வேரை வெளியே உறை போல மூடுவது வேறு வகைப் பூஞ்சை. நம் தைல மரத்தோடும் இந்த வகை கூட்டு சேரும். பாப்லரில் இந்தப் பூஞ்சை ஒரு புரதத்தை வேர் செல்லுக்குள் அனுப்பி, ஜாஸ்மோனிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் கிளப்பும் எதிர்ப்பை அமுக்கிவிடுகிறது. அழைத்தவனையே மடக்கும் விருந்தாளி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் தெரிந்தபின், மாங்கன்று நடும் குழியில் வேமையும் மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யைக் கை நிறையவும் சேர்த்துக் கொட்டுவது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் கசிவதைக் குறைத்துக்கொள்ளும். வேமை வேரில் படும்படி போட்டு, தொழுவுரத்தோடு மூடுங்கள். டி.ஏ.பி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.